பெரிய மனிதர் மீது புகார்: ஃபைல் யார் மேசையில் இருக்கிறது?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் மாவட்டத்துப் பாடாங் செராய் பக்கத்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். தோட்டம் விலைபோய் லயங்களை இடித்தபின் அங்கே குடிவந்த குடும்பங்களில் 16, 17 வயதுப் பெண்பிள்ளைகளை, கே.எல்.லில் (கோலாலம்பூரில்) ஸ்பா வேலை, கைநிறையச் சம்பளம் என்று சொல்லி ஓர் ஏஜெண்டு அழைத்துப் போகிறாராம். திரும்பி வந்த ஒரு பிள்ளை வாயே திறக்கவில்லை. ஏஜெண்டுக்குப் பின்னால் இருப்பவர் கோயில் திருவிழாவுக்குப் பணம் கொடுப்பவர், அரசியல்வாதிகளோடு படத்தில் நிற்பவர். "ஸ்டேஷனில் ரிப்போர்ட் எழுதி முடிப்பதற்குள் அவருக்குப் போன் போய்விடும் என்கிறார்கள். அமெரிக்காவிலேயே எப்ஸ்டீனை அரசாங்கம் காப்பாற்றியது என்றால் நாங்கள் எம்மாத்திரம்?" என்பது அவர் கேள்வி.

அம்மா, போன் போகும் என்ற பயம் வீண்பயம் இல்லை. ஆனால் போன் போடுகிற போலிஸ்காரரைப் பிடித்துவிடலாம், அவர்மேல் தனியாகப் புகார் செய்யலாம். யாரும் யாருக்கும் போன் போடாமலே ஃபைல் மெலிந்துபோவதுதான் பிடிபடாதது. நலன் முரண்பாடு என்று சட்டத்தில் சொல்வது அதைத்தான்: முடிவெடுக்கிற நாற்காலியில் இருப்பவருக்கு அந்த முடிவால் சொந்தத்தில் லாபமோ நஷ்டமோ இருப்பது. வேலி பயிரை மேய்வது ஒன்று. வேலிக்காரன் மாட்டுக்காரனிடம் கடன்பட்டிருப்பது இன்னொன்று. இரண்டாவதில் லஞ்சம் கைமாற வேண்டிய அவசியமே இல்லை.

சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கிய அமெரிக்கப் பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீனின் வழக்கை நீங்களே சொன்னதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 2005 மார்ச்சில் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் 14 வயதுப் பெண் ஒருத்தியின் குடும்பம் புகார் கொடுத்தது. உள்ளூர் போலிஸ் தன் வேலையைச் செய்தது. ஒரு பெண்ணில் தொடங்கி வரிசையாகப் பல பெண்களைத் தேடிப்பிடித்து வாக்குமூலம் வாங்கினார்கள். தடை அடுத்த மேசையில் வந்தது. மாவட்ட அரசு வழக்கறிஞர் தயங்குவதைப் பார்த்த போலிஸ் தலைவர் மைக்கேல் ரைட்டர், 2006 மே மாதம் அவருக்கே கடிதம் எழுதி, இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்வதைப் பற்றி யோசியுங்கள் என்றார். அவர் விலகவில்லை. குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியிடமிருந்து வந்தது ஒரே ஒரு குற்றச்சாட்டு, விபசாரத்துக்கு அழைத்ததாக. பிள்ளைகளின் வயதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

பிறகு எஃப்.பி.ஐ. கையில் எடுத்தது. கூட்டரசு வழக்கறிஞர்கள் 53 பக்கத்துக்குக் குற்றப்பத்திரிகை எழுதி வைத்திருந்தார்கள். அது நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. 2007 செப்டம்பர் 24-ல், வழக்குத் தொடரமாட்டோம் என்று எப்ஸ்டீனோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவருக்கு மட்டுமல்ல, பெயர் சொன்ன நான்கு பேருக்கும், பெயர் சொல்லாத "சாத்தியமான கூட்டாளிகள்" அனைவருக்கும் அதில் விலக்கு. 2008 ஜூன் 30-ல் மாநில நீதிமன்றத்தில் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டார். 18 மாதத் தண்டனையில் ஏறக்குறைய 13 மாதம் இருந்தார். அதிலும் வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 12 மணி நேரம் வரை வெளியே அலுவலகத்துக்குப் போய்வர அனுமதி.

இதில் ஒரு காகிதத்தை மட்டும் கூர்ந்து பாருங்கள். 2008 ஜனவரியில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு எஃப்.பி.ஐ.யிடமிருந்து கடிதம் போனது: உங்கள் வழக்கு விசாரணையில் இருக்கிறது, பொறுமையாக இருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பெண்கள் பொறுமையாக இருந்தார்கள். இதனால் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் மீறப்பட்டது என்று 2019 பிப்ரவரியில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் அந்தச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது என்று அதுவும் கைநழுவியது. "விசாரணை நடக்கிறது" என்ற பதில் எவ்வளவு நாள் ஓடும், அது உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பதற்குக் கீழே வருகிறேன். நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது.

அந்த ஒப்பந்தத்துக்குப் பொறுப்பான கூட்டரசு வழக்கறிஞர் அலெக்சாண்டர் அகோஸ்டா. எப்ஸ்டீனுக்காக வாதாடியவர்களில் இருவர் இருந்த பெரிய சட்ட நிறுவனத்தில் அகோஸ்டாவும் முன்பு வேலை பார்த்தவர். ஒப்பந்தம் ஆன அடுத்த மாதம் அவர்களில் ஒருவரோடு ஹோட்டலில் காலை உணவு சாப்பிட்டார். 2020-ல் நீதித்துறையின் உள்விசாரணை, அவர் எடுத்த முடிவு மோசமானது, ஆனால் தொழில்முறைத் தவறு இல்லை, அந்தப் பழைய பழக்கமும் காரணமில்லை என்று முடித்தது. விசாரித்தது யார்? அதே நீதித்துறை. லஞ்சம் இருந்ததா என்று தேடினால் எதுவும் கிடைக்காது. எதிர்த்தரப்பில் பழைய அலுவலகக்காரர்கள் இருக்கும்போது இவர் ஏன் அந்த மேசையில் இருந்தார் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். 2017-ல் அவரே தொழிலாளர் அமைச்சரானார். கட்டாய உழைப்பையும் ஆள்கடத்தலையும் கவனிக்கும் பிரிவுகள் அந்த அமைச்சில்தான் இருக்கின்றன. 2019 ஜூலையில் எப்ஸ்டீன் மறுபடி கைதான பிறகே பதவி விலகினார்.

இன்றும் கதை மாறவில்லை. எப்ஸ்டீனின் கூட்டாளியாக 20 ஆண்டுத் தண்டனை பெற்ற கிஸ்லேன் மேக்ஸ்வெல்லை 2025 ஜூலையில் நேரில் உட்கார்ந்து விசாரித்தவர் அப்போது துணை அட்டர்னி ஜெனரலாக இருந்த டோட் பிளாஞ்ச். அதற்கு முன் டிரம்பின் சொந்த வழக்கறிஞராக இருந்தவர் அவர். கேட்ட கேள்விகளில் டிரம்பைப் பற்றியவையும் உண்டு. பதில் உண்மையாகவே இருந்தாலும் ஊர் நம்பாது, நம்பச் சொல்லவும் முடியாது.

இப்போது நம் நாடு. கூட்டரசு அரசியலமைப்பின் 145-வது பிரிவின்படி சட்டத்துறைத் தலைவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். அவரே அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசகர். யார்மீது வழக்குத் தொடுப்பது, எதை நிறுத்துவது என்ற முடிவும், சொந்த விருப்புரிமைப்படி, அவர் கையில்தான். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் மாட்டினால், அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்கிறவரே வழக்கா இல்லையா என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த நல்ல மனிதர் அந்த நாற்காலியில் இருந்தாலும் அமைப்பு இதுதான்.

கீழ்மட்டத்தில் இதைவிட நெருக்கம். ஸ்பா, மசாஜ் கடை, கேளிக்கை மையம் எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் கொடுப்பது நகராண்மைக் கழகம். 1965-ல் நிறுத்திய உள்ளாட்சித் தேர்தல் திரும்பவே இல்லை, கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆக, கடைக்கு லைசென்ஸ் வாங்க உதவியவரும், ரெய்டு வரும்போது கூச்சப்படுபவரும் ஒரே கட்சி அலுவலகத்தில் சந்திப்பவர்களாக இருக்க முடியும். சின்ன ஊரில் ஸ்டேஷன் சார்ஜனின் பிள்ளையும் ஏஜெண்டின் பிள்ளையும் ஒரே பள்ளியில் படிக்கும், இரண்டு குடும்பமும் ஒரே கோயிலில் உபயம் செய்யும். யாரும் கெட்டவராக வேண்டியதில்லை. "முதலில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போமே" என்ற ஒரு வாக்கியம் போதும்.

நாட்டுக்கே இருக்கும் நலன் ஒன்று உண்டு, அதையும் மறக்கக் கூடாது. 2015 ஜனவரியில் பெர்லிஸ், வாங் கெலியான் மலைக்காட்டில் ஆள்கடத்தல் முகாம்கள் கண்டுபிடிக்கப்பட்டன. நாட்டுக்குச் சொன்னது மே 25-ல்: 28 முகாம்கள், 139 புதைகுழிகள். தடயவியல் நிபுணர்கள் போய்ச் சேருமுன் முகாமைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள் என்பது 2019-ல் நடந்த அரச விசாரணை ஆணையத்தில் வெளிவந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில், 2017-ல் ஒரு லெப்டினன்ட் ஜெனரல் உட்பட 62 பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த விசாரணையை நடத்திய போலிஸ் மேஜர் ஜெனரல் பவீன் பொங்சிரின் உயிருக்குப் பயந்து ஆஸ்திரேலியாவுக்கு ஓடினார். அதே 2015 ஜூலையில், புதைகுழிகள் வெளிவந்து இரண்டு மாதத்தில், அமெரிக்கா தன் ஆள்கடத்தல் பட்டியலில் மலேசியாவைக் கடைசிப் படியிலிருந்து ஒரு படி ஏற்றியது. கடைசிப் படியில் இருக்கும் நாட்டோடு பசிபிக் வணிக ஒப்பந்தத்தை விரைவு வழியில் முடிக்க அவர்கள் சட்டம் அப்போது தடையாக இருந்தது. வெளிநாட்டு அறிக்கை வந்து நம்மைக் காப்பாற்றும் என்று காத்திருப்பவர்கள் இந்தத் தேதிகளைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

பக்கத்து சுங்கை பட்டாணியில் பிறந்த ஐரின் ஃபெர்னாண்டஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடியேறித் தொழிலாளர் தடுப்பு முகாம்களில் நடந்த கொடுமைகளை 1995-ல் எழுதி வெளியிட்டார். முகாமை நடத்தியவர்களுக்கு முன்னதாக அவர்தான் நீதிமன்றத்தில் நின்றார், பொய்ச்செய்தி வெளியிட்டதாக. 2003-ல் ஓராண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது 2008-ல். எழுதியதற்கும் விடுபட்டதற்கும் இடையில் 13 ஆண்டு.

சரி, ஃபைல் மெலிவது நடைமுறையில் எப்படி நடக்கிறது? பெரும்பாலும் எந்தச் சட்டப்பிரிவில் திறக்கிறார்கள் என்பதில். ஆள்கடத்தலுக்கு எதிரான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், நாம் பேச்சில் ஆட்டிப்சோம் என்பது, ஆளைச் சேர்த்தவர், ஏற்றிப்போனவர், தங்கவைத்தவர், பணம் வாங்கியவர் எல்லோரையும் பிடிக்கும். பாதிக்கப்பட்டவர் "சம்மதித்தார்" என்பது அங்கே வாதமே இல்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் ஏமாற்றியதையோ மிரட்டியதையோ நிரூபிக்கவும் தேவையில்லை. அதே ரெய்டைக் குடிநுழைவுக் குற்றமாகவோ, தண்டனைச் சட்டம் 372பி-யின் கீழ் விபசாரத்துக்கு அழைத்த குற்றமாகவோ எழுதினால் கதை தலைகீழாகிறது. பிள்ளை குற்றவாளி ஆகிறாள். வெளிநாட்டுப் பெண் நாடு கடத்தப்படுகிறாள், அவளோடு சாட்சியமும் விமானம் ஏறிவிடும். கடைக் காசாளருக்கு அபராதம், முதலாளியின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஃபைல் முடிந்தது.

அதனால் ரிப்போர்ட்டின் வாசகம்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆயுதம். "என் மகளை ஒருவர் வேலைக்கு அழைத்துப்போய் ஏமாற்றிவிட்டார்" என்று எழுதினால் அது சம்பளத் தகராறாகத்தான் தெரியும். எழுத வேண்டியது: எந்தத் தேதி, எந்த இடத்தில், யார் வந்து பேசினார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்றார். எந்த வண்டி, என்ன நம்பர், யார் ஓட்டினார். கே.எல்.லில் எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, கதவை யார் பூட்டினார். ஐ.சி.யை (அடையாள அட்டையை) வாங்கி வைத்துக்கொண்டது யார். என்ன செய்யச் சொன்னார்கள், மறுத்தபோது என்ன சொன்னார்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது. பிள்ளையின் பிறந்த தேதி கட்டாயம். பெரிய மனிதரைப் பற்றிக் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். "இவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்ற ஊகம் ஒரு வரி இருந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியை வைத்தே மற்ற வரிகளைக் கிழிப்பார்.

கடைசி வரியைக் கட்டாயம் படியுங்கள். "உந்துக் ருஜுக்கான்", அதாவது குறிப்புக்காக மட்டும் என்று முடிந்திருந்தால், நீங்களே விசாரணை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த மாதிரி அதை வைத்துக்கொள்வார்கள். விசாரணையும் நடவடிக்கையும் கேட்டு, "சியாசத்தான் டான் திண்டாக்கான்" என்று எழுதச் சொல்லுங்கள். நம்பர் போட்ட நகல் இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

ரிப்போர்ட்டை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். உள்ளூரில் பயம் என்றால் சுங்கை பட்டாணிக்கோ பினாங்குக்கோ போய்க் கொடுங்கள். பிறகு சம்பவம் நடந்த மாவட்டத்துக்கு அனுப்புவார்கள் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் கூலிம் மாவட்டமும் கே.எல்.லும் இரண்டும் இருக்கின்றன, ஒரே ஸ்டேஷன் தனியாக மூடிவைக்க முடியாது. நகலோடு போலிஸ் தலைமையகமான புக்கிட் அமானுக்கும் கடிதம் போடுங்கள். பிள்ளை சம்பந்தப்பட்டதால் தாலியான் காசே உதவி எண் 15999-க்கும் சொல்லுங்கள், சமூக நலத்துறையில் தனி ஃபைல் திறக்கும். ஆட்டிப்சோம் சட்டப்படி போலிஸ் மட்டுமல்ல, குடிநுழைவு, சுங்கம், கடல்சார் அமலாக்கம், தொழிலாளர் துறை அதிகாரிகளும் விசாரிக்க முடியும். பணப் பரிமாற்ற ரசீது இருந்தால் அது தனி வாசல்: 2001-ஆம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தில் பணத்தின் தடத்தைப் பிடித்துப் போகிறவர்களுக்கு உங்கள் ஊர்த் திருவிழாவோடு ஒட்டுறவு கிடையாது. ஓர் அலுவலகத்தில் ஃபைல் காணாமல் போனால் இன்னோர் அலுவலகம் "அது எங்கே" என்று கேட்கும்படி இருக்க வேண்டும். நலன் முரண்பாட்டுக்கு எதிராகச் சாதாரண மனிதர் செய்யக்கூடியது பெரும்பாலும் இதுதான்.

பிள்ளை திரும்பி வந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் முதலில் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அங்கே பாலியல் வன்முறைக்கான ஒரே இட நெருக்கடி மையம் இருக்கும். ரிப்போர்ட் இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். குளிக்க வைக்காதீர்கள். உடுத்திய துணியைக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் கட்டித் தடயம் கெட்டுவிடும். நாள் கடந்திருந்தால் உடம்பைவிட கைப்பேசிதான் சாட்சி. ஏஜெண்டின் குரல் செய்தி, லொகேஷன், படங்கள் எதையும் அழிக்காதீர்கள். போலிஸ் கைப்பேசியைக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் பறிமுதல் பட்டியலின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாக்குமூலம் எடுப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-வது பிரிவில். பிள்ளை தமிழில் சொன்னால் தமிழிலேயே அவளுக்குப் படித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து. ஜுருபாசா (மொழிபெயர்ப்பாளர்) இல்லை, மலாயில் எழுதியிருக்கிறோம், சைன் பண்ணு என்றால், வேண்டாம், இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. "வேலைக்குப் போனேன்" என்பதற்கும் "வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள்" என்பதற்கும் இடையில் ஒரு வழக்கே இருக்கிறது. ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவர் என்று சந்தேகம் எழுந்தால், மாஜிஸ்திரேட் 21 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு தருவார். அது கைது இல்லை என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லுங்கள். தெரியாமல் போனால் பயந்துபோய் வாக்குமூலத்தையே மாற்றிவிடுவாள்.

ஊர்ப் பெரியவர்கள் வந்து "ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கிவிடு, பிள்ளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா" என்பார்கள். நீங்கள் இன்னொரு ரிப்போர்ட் எழுதி வாபஸ் என்றாலும் சட்டப்படி வழக்கு தானாக முடியாது, முடிவு அரசுத் தரப்பு வழக்கறிஞருடையது. வழக்கு நிற்காமல் உங்கள் பிள்ளையின் வாக்கு மட்டும் வலுவிழக்கும். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 5,000 வெள்ளி வரை அபராதத்துக்குரிய குற்றம் என்பதைப் பஞ்சாயத்துக்கு வருகிறவர்களிடம் மரியாதையாகச் சொல்லிவையுங்கள். பிள்ளையின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப்பில் யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறார் சட்டம் 15-வது பிரிவு அதைத் தடுக்கிறது, நல்லெண்ணத்தில் போட்டாலும் சரி.

உள்ளே இருந்து ஒருவர் தகவல் தர முன்வந்தால், ஸ்பாவின் கணக்கர் என்று வையுங்கள், அவருக்கு 2010-ஆம் ஆண்டுத் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் பாதுகாப்பு. பத்திரிகைக்கோ கட்சிக்காரருக்கோ முகநூலுக்கோ முதலில் போனால் அது கிடையாது. போலிஸ்காரரே சம்பந்தப்பட்டிருந்தால் போலிஸின் நேர்மைப் பிரிவான ஜிப்ஸ், வெளியே 2023 ஜூலை 1 முதல் இயங்கும், போலிஸ் நடத்தையை விசாரிக்கும் ஐ.பி.சி.சி. ஆணையம். இந்த ஆணையம் தானே தண்டிக்க முடியாது, போலிஸ் படை ஆணையத்துக்குத்தான் அனுப்பும். அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள், ஆனால் அங்கேயும் ஒரு நம்பர் இருக்கட்டும். காசு கைமாறியதற்குத் தடயம் இருந்தால் ஊழல் தடுப்பு ஆணையம்.

இன்னொரு எச்சரிக்கை. நலன் முரண்பாடு என்ற விதியையே எதிர்த்தரப்பு உங்கள் பக்கம் திருப்பும். 1996-ல் பெல்ஜியத்தில் சிறுமிகளைக் கடத்திய மார்க் டுட்ரூவைப் பிடித்த விசாரணை நீதிபதி ஜான்-மார்க் கொனரோட், பாதிக்கப்பட்டவர்களுக்காக நடந்த நிதி திரட்டும் விருந்தில் ஒரு தட்டு ஸ்பகெட்டி சாப்பிட்டார். நடுநிலை போய்விட்டது என்று உச்ச நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்தே நீக்கியது. அந்த வாரமே ஏறக்குறைய 3 லட்சம் பேர் பிரஸ்ஸல்ஸ் தெருவில் இறங்கினார்கள், நீதிபதி திரும்பவில்லை. அதனால் விசாரணை அதிகாரி நல்லவராக அமைந்துவிட்டால், அவருக்கு டீ கூட வாங்கிக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு அழைக்காதீர்கள், கோயிலில் மாலை போடாதீர்கள். அவரோடு எடுத்த படம் யாரிடமும் இருக்கக் கூடாது.

இனி அந்த "விசாரணை நடக்கிறது" கதைக்கு வருவோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, நம் மக்களில் பலருக்குத் தெரியாது. வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், ரிப்போர்ட் கொடுத்து 4 வாரம் கழிந்ததும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். 2 வாரத்துக்குள் பதில் தர வேண்டும். விசாரணையைக் கெடுக்கக்கூடிய விவரத்தை மட்டும் அவர்கள் சொல்லாமல் விடலாம். பதில் வரவில்லை என்றால் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்குப் புகார் செய்யலாம், மாவட்டப் போலிஸ் தலைவரிடம் விரிவான அறிக்கை கேட்டு அவர் உத்தரவிட வேண்டும். கடிதத்தில் ரிப்போர்ட் நம்பர், தேதி, 107ஏ என்ற எண், கூடவே ஒரே ஒரு கேள்வி: எந்தச் சட்டப்பிரிவின் கீழ் விசாரிக்கிறீர்கள்? ஆட்டிப்சோம் இல்லை என்று பதில் வந்தால் ஃபைல் எங்கே மெலிந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும், வழக்கறிஞரோடு போய் நிற்க வேண்டிய இடமும் தெரிந்துவிடும். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரை குத்தி வாங்குங்கள், தபால் என்றால் பதிவுத் தபால். ரிப்போர்ட் கொடுத்த அன்றே காலண்டரில் 29-வது நாளை வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.